வழிப்போக்கனே, சற்று நில்

கடல் கடந்து செல்வது ஒரு காலத்தில் வணிகருக்கும் படைவீரருக்கும் மறைபரப்புப் பணியாளருக்கும் மட்டுமே வாய்த்த செயல். இன்று நிலை வேறு. கல்வாரிப் பாறையைத் தொட்டுக் கும்பிட்டு வந்த பாட்டிமாரையும், இலண்டனில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கித் திரும்பிய ஓய்வுபெற்ற ஆசிரியரையும் நம் பங்குகளில் அன்றாடம் சந்திக்கிறோம். எருசலேம் திருப்பயணத்துக்குத் தமிழக அரசின் உதவித்தொகையும் உண்டு. ஆக, வெளிநாட்டுப் பயணம் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சாகிவிட்டது. மகிழ வேண்டிய மாற்றமே.

ஆயினும் போய் வந்தவரிடம் நாம் கேட்கும் கேள்விகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். "எத்தனை நாடு பார்த்தீர்கள்? எவ்வளவு செலவாயிற்று? என்ன வாங்கி வந்தீர்கள்?" இம்மூன்றோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. பயணத்தின் முழுப்பயனைப் பெறுவது எப்படி என்பதற்குப் பயண முகவர்களும் இதே போக்கில் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: குறைந்த நாளில் மிகுந்த இடம். கொடுத்த பணத்தைப் பார்த்த இடங்களால் வகுத்து ஈவு காணும் கணக்கு இது. கடைச் சரக்குக்கு இக்கணக்குப் பொருந்தும். மனிதர் பிறந்து வாழ்ந்து மன்றாடி மடியும் ஊருக்குப் பொருந்துமா? பொருந்தாதெனில், ஓர் ஊருக்கு உண்மையிலேயே போய் வந்தோம் என்று நாம் எப்போது சொல்லலாம்?

இது அறநெறி சார்ந்த கேள்வி. இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் குமரி மாவட்டத்துக் கடற்கரையிலேயே ஒரு சான்று நிற்கிறது.

வட்டமில்லாத வட்டக்கோட்டை

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவில், அலைகள் வந்து மோதும் இடத்தில், கருங்கல்லால் எழுந்த கோட்டை வட்டக்கோட்டை. பெயரைக் கேட்டு வட்டத்தைத் தேடி வருவோர் ஏமாறுவர். கோட்டை செவ்வக வடிவமானது. பரப்பு ஏறத்தாழ மூன்றரை ஏக்கர். சுவர்கள் சுமார் 25 அடி உயரம். முன்புறச் சுவரின் தடிமன் மட்டும் 29 அடி. மேலேறி நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை. பெயர் தரும் அறிவு வேறு, சென்று காணும் அறிவு வேறு என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால் சென்று காண்பதும் எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை. சுற்றுலாப் பேருந்துகளில் வருவோர் இருபது நிமிடத்தில் மதிலைச் சுற்றி, கடலைப் பின்னணியாக்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். "வட்டக்கோட்டை பார்த்தாயிற்று" என்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது சுவரை. அச்சுவரை எழுப்பியவரின் கதையோ நின்று கேட்பவருக்கு மட்டுமே கிடைக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கோட்டையை இன்றைய வடிவில் திருத்திக் கட்டும் பணியை மேற்பார்வையிட்டவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவரல்லர் அவர்; மிளகு வாணிகத்தைத் தன் பிடிக்குள் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்தவர். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டார். அத்தோடு அவர் கதை முடிந்திருக்கலாம். மாறாக, அங்கேதான் அவருடைய உண்மையான பயணம் தொடங்கிற்று. வென்ற மன்னரே அவரைத் தம் படையைப் பயிற்றுவிக்க அமர்த்தினார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர். ஏறத்தாழ 37 ஆண்டுகள் இம்மண்ணிலேயே வாழ்ந்து, 1777-இல் மறைந்து, புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன் வாசகம் வழிப்போக்கனை நோக்கி, நிற்குமாறு சொல்லித் தொடங்குகிறது. பழைய ஐரோப்பியக் கல்லறைகளில் வழக்கமாகக் காணப்படும் தொடர்தான் அது. ஆயினும் ஓர் அந்நியனாக வந்து இங்கேயே நின்றுவிட்டவரின் கல்லறையில் அதைக் காணும்போது அதன் பொருள் ஆழமாகிறது.

அவர் நின்றதனால் விளைந்தது கோட்டைகள் மட்டுமன்று. அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கும் அவருக்கும் நட்பு மலர்ந்தது. இழப்புகளால் மனமுடைந்திருந்த பிள்ளைக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்ததாக நம் மரபு கூறுகிறது. அந்த உரையாடலின் கனியாக 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு மறைசாட்சியானார். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

டிலனாயையும் புனிதராக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. அவர் போர்த்தொழிலர். தம் நண்பர் உயிர் நீத்த அதே அரசில் அவர் தொடர்ந்து பணியாற்றினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாம் கற்க விரும்புவது ஒன்றே. கையில் துப்பாக்கியோடு அவர் நின்றவரை இந்நாடு அவருக்குக் கைப்பற்ற வேண்டிய கடற்கரையாக மட்டுமே தெரிந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகே இங்கே மன்னர் இருப்பதும், மக்கள் இருப்பதும், துயருற்ற ஒரு மனிதர் ஆறுதலுக்கு ஏங்குவதும் தெரிந்தன. எந்த நாடும் தன்னைத் திறந்து காட்டுவது விருந்தினருக்கே. எடுத்துக்கொள்ள வருபவருக்கு அன்று.

நம் கையிலுள்ள ஆயுதங்கள்

நாம் துப்பாக்கியோடு வெளிநாடு செல்வதில்லை. ஆனால் வேறு ஆயுதங்களை ஏந்திச் செல்கிறோம். முதலாவது பணம்: விலை கொடுத்துவிட்டோம், ஆகவே எல்லாரும் நமக்குப் பணிவிடை செய்யக் கடமைப்பட்டவர் என்னும் நினைப்பு. இரண்டாவது படக்கருவி: கண் காணுமுன் கை படம் எடுத்துவிடுகிறது; திருப்பலி வேளையிலும் கைப்பேசி உயர்ந்தே நிற்கிறது. மூன்றாவது ஒப்பீடு. "அங்கே எவ்வளவு தூய்மை, நம் ஊரும் ஊரா!" என்று தாய்நாட்டைப் பழிப்பதும், "அவர்களுக்குக் குடும்பப் பாசமே கிடையாது" என்று பிற நாட்டைப் பழிப்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் நாம் நீதிபதி, விருந்தினர் அல்லர். நான்காவது அவசரம்: அடுத்த இடத்துக்குப் பேருந்து புறப்படுமுன் இந்த இடத்தை முடித்துவிடும் பதற்றம்.

திரு அவையின் ஆசான்கள் இவ்வாபத்தை அன்றே அறிந்திருந்தனர். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், அறிவை நாடுவதில் இரு மனப்பாங்குகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று கற்றலார்வம், அது நற்பண்பு. மற்றொன்று வேடிக்கை வேட்கை, அது குற்றம். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே ஆவலோடு பார்க்கும். கற்றலார்வமோ கண்டதனால் தான் மாற ஒருப்படும். வேடிக்கை வேட்கை கண்டதை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு அலையும். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலில், மலைகளின் உயரத்தையும் கடலின் அலைகளையும் வியக்கச் செல்லும் மனிதர் தம்மையே கவனியாது விடுகின்றனரே என வருந்துகிறார். 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்று நம் முன்னோர் போற்றிப் படித்த நூலோ இன்னும் ஒரு படி மேலே போய், அடிக்கடி திருப்பயணம் செல்வோர் அரிதாகவே புனிதம் அடைகின்றனர் என எச்சரிக்கிறது.

அப்படியாயின் வீட்டிலேயே இருந்துவிடலாமா? அதுவும் கிறிஸ்தவ மரபன்று. ஆபிரகாம் தம் நாட்டையும் உறவினரையும் விட்டுப் புறப்பட்டதில்தான் நம் நம்பிக்கையின் வரலாறே தொடங்குகிறது. ஆண்டவரும் ஊர் ஊராக நடந்தவர். சக்கேயுவிடம் அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று தாமே கேட்டவர். அவர் சென்ற இடமெல்லாம் பிறர் பந்தியில் அமர்ந்து உண்டார். விருந்தினராகும் தாழ்ச்சியை இறைமகனே நமக்குக் காட்டினார்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

தாழ்ச்சி என்பது வெறும் உள்ளுணர்வன்று. அதற்குப் பழக்கங்கள் வேண்டும். ஆகவே சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்வது தகும்.

முதலில், கடன் வாங்கித் திருப்பயணம் செல்ல வேண்டாம். உரோமை, எருசலேம் பயணங்களைத் திரு அவை எவர்மீதும் கடமையாக ஏற்றவில்லை. மகளின் படிப்பையோ மருத்துவச் செலவையோ அடகு வைத்துப் பெறும் ஆசீர் ஆசீரன்று. கையில் பணம் உள்ளவரும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, போக இயலாத ஒருவரின் தேவைக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நன்று.

இரண்டாவது, ஒழுங்கான ஆயத்தம் பிறர்மீது காட்டும் அன்பேயாகும். ஒருவரின் கவனக்குறைவு முழுக் குழுவையும் அலைக்கழிக்கும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்கட்டும். பல நாடுகள் அதனை எதிர்பார்க்கின்றன. அதன் நகல் ஒன்றைப் பையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்கலாம். அன்றாட மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்; வளைகுடா நாடுகள் சில மருந்துகளைத் தடை செய்துள்ளன. இத்தாலி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளின் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மூன்றாவது, படித்துவிட்டுப் போக வேண்டும். புனித நாடு செல்பவர் மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரங்களையும் நில வரைபடத்தை அருகில் வைத்து ஒரே மூச்சில் படிக்கட்டும். கலிலேயாக் கடலருகே நிற்கும்போது வழிகாட்டியின் விளக்கத்துக்காகக் காத்திருக்க நேராது.

நான்காவது, அந்நாட்டு மொழியில் பத்துச் சொற்களேனும் கற்க வேண்டும்: வணக்கம், நன்றி, மன்னியுங்கள், தண்ணீர், எவ்வளவு. 1542-இல் இந்தியா வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்தார்; கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய தமிழ் பிழையற்றதாக இருந்திராது. ஆயினும் அந்த முயற்சியே அவர் அன்பின் அடையாளமாக நம் மக்களுக்குத் தோன்றியது. பிறர் மொழியில் தடுமாறத் துணிபவர் "நான் உங்களிடம் கற்க வந்திருக்கிறேன்" என்று சொல்லாமல் சொல்கிறார்.

சென்ற இடத்தில்

பயணத் திட்டத்தில் ஒரு நாளேனும், இயலாதெனில் அரை நாளேனும், எந்த இடமும் குறிக்கப்படாமல் இருக்கட்டும். தங்கும் விடுதிக்கு அருகிலுள்ள தெருவில் நடந்து பார்ப்போம். அங்குள்ள சிறிய பங்கு ஆலயத்தில் வாரநாள் திருப்பலியில் பின்வரிசையில் அமர்வோம். மொழி புரியாது, ஆனால் எழுவதும் முழந்தாளிடுவதும் அமைதியின் வாழ்த்தும் புரியும். பேராலயங்களில் காணக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: உள்ளூர் மக்கள் எதற்காக அழுகிறார்கள், எதற்காக மன்றாடுகிறார்கள் என்பது.

உரோமை செல்வோர், புதன்கிழமைகளில் திருத்தந்தை அளிக்கும் பொதுச் சந்திப்புக்கான நுழைவுச்சீட்டு இலவசம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்கென விலை கேட்பவரை நம்ப வேண்டாம். புனித பேதுரு பெருங்கோவிலில் தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். மனிதரைப் படம் எடுக்குமுன் இசைவு கேட்க வேண்டும். நம் ஊர்க் கோவிலில் செபமாலை சொல்லும் மூதாட்டியின் முகத்துக்கு நேரே அந்நியர் ஒருவர் படக்கருவியை நீட்டினால் நமக்கு எப்படியிருக்குமோ, அப்படியே அவர்களுக்கும்.

பெத்லகேமில் ஒலிவ மரத்தில் சுரூபங்களும் செபமாலைகளும் செதுக்கிப் பிழைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உள்ளன. 2023 அக்டோபரில் மூண்ட போரால் திருப்பயணியர் வரவு நின்று, அவர்கள் வருவாயின்றித் தவித்தனர். ஆண்டவர் பிறந்த ஊரின் கற்களை முத்தமிடும் நாம், அங்கு இன்றும் உயிருள்ள கற்களாக வாழும் மக்களிடம் இரண்டு சொல் பேசாமல் திரும்பினால் பாதிப் பயணமே செய்தவராவோம். நூறு ரூபாய்ப் பொருளை அறுபதுக்குப் பேரம் பேசி வாங்கிவிட்டதாகப் பெருமை கொள்வதும் அங்கே தகாது.

விரும்பிச் செல்லாத பயணியர்

இங்கு நம் கேள்வி கடினமாகிறது. நாம் விடுமுறைக்கும் பக்திக்கும் செல்லும் அதே விமானத்தில் வேறொரு வகைப் பயணியரும் அமர்ந்திருக்கின்றனர். நம் கடற்கரை ஊர்களிலிருந்து பஹ்ரைன், கத்தார், சவுதி அரேபியா, ஈரான் நாட்டுப் படகுகளில் மீன்பிடிக்கச் செல்லும் இளைஞர்கள் அவர்கள். அவர்களுக்குப் பயணம் ஓய்வன்று, பிழைப்பு. கொரோனா பெருந்தொற்றின்போது ஈரானில் சிக்கித் தவித்த தமிழக மீனவர்களை இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. அவர்களில் குமரி மாவட்டத்தார் பலர். வெளிநாட்டை அவர்களும் 'பார்த்தார்கள்'. கடலின் நடுவிலிருந்தும், துறைமுகத்தில் கட்டிய படகின் மேல்தளத்திலிருந்தும் பார்த்தார்கள்.

ஒரே பங்கில் ஒரு வீட்டார் உரோமைப் படங்களைக் காட்டி மகிழ, அடுத்த வீட்டுத் தாய் மகனின் அழைப்புக்காகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வேறுபாட்டுக்காக முதல் வீட்டாரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. மகிழ்ச்சி பாவமன்று. ஆனால் அவர்கள் கண்ட உலகில் அடுத்த வீட்டு மகனும் இருக்கிறானா என்று கேட்பது நம் கடமை. நம்மவர் ஐரோப்பா செல்லும் விமானங்கள் பெரும்பாலும் வளைகுடா வழியாகவே செல்கின்றன. அங்கே சில நாள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தால், உயர்ந்த கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், நம் ஊர்த் தொழிலாளரைத் தேடிச் செல்லலாம். துபாய் புனித மரியா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. பஹ்ரைனின் அவாலி நகரில் அரேபிய அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. அந்த ஆலயங்களின் வாயிலில் நின்றால், வெளிநாடு என்னும் சொல்லின் மறுபக்கத்தை எந்த வழிகாட்டி நூலும் சொல்லாத அளவுக்குத் தெளிவாக அறியலாம். ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கருவாடும் தாயின் கடிதமும் கொண்டுபோய்க் கொடுப்பவர், அங்கே விருந்தினராகவும் விருந்து படைப்பவராகவும் ஒருங்கே ஆகிறார்.

திரும்பிய பின்

பயணத்தின் பயன் திரும்பி வந்த பிறகே தெரியும். டிலனாய் மறைந்த அடுத்த ஆண்டு, 1778-இல், கேரளத்துப் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் கரியாட்டில் யோசேப்பு மல்பானும் தம் மக்களின் குறைகளை எடுத்துரைக்க உரோமைக்குக் கப்பலேறினர். சென்று திரும்ப எட்டு ஆண்டுகள். ஆயராகத் திருநிலைப்பாடு பெற்றுத் திரும்பிய கரியாட்டில், 1786-இல் கோவாவிலேயே மறைந்தார். கத்தனார் தாம் கண்டதையும் பட்டதையும் மலையாளத்தில் 'வர்த்தமானப் புஸ்தகம்' என எழுதி வைத்தார். இந்திய மொழிகளில் எழுந்த முதல் பயண நூல் என்று போற்றப்படும் அது 1936-இல்தான் அச்சேறியது. தமக்காக மட்டும் பயணம் செய்தவர் அப்படி எழுத மாட்டார். வீட்டிலிருந்தோரும் தம்மோடு நடக்க வேண்டும் என்று எண்ணியவரே எழுதுவார்.

நாமும் நூறு படங்களைக் காட்டுவதைவிட, கண்டவற்றுள் மூன்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்: நம்மை வியக்க வைத்தது எது, நம்மை வெட்கப்பட வைத்தது எது, நமக்கு உதவிய முன்பின் அறியாதவர் யார். மூன்றாவது கேள்விக்கு விடை எழுத முடியாதெனில், நாம் எவருக்கும் விருந்தினராகவில்லை என்று பொருள்.

விடை எழுத முடிந்தவருக்கோ ஒரு கடமை காத்திருக்கிறது. கன்னியாகுமரிக்கு வடநாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நாள்தோறும் மக்கள் வருகின்றனர். கட்டுமான வேலைக்கும் உணவக வேலைக்கும் வடமாநில இளைஞர்கள் நம் ஊர்களில் தங்கியிருக்கின்றனர். மொழி தெரியாமல் கடைவாசலில் தடுமாறும் அவர்களிடம் நாம் எப்படி நடக்கிறோம்? வெளிநாட்டில் ஒருவர் நமக்கு வழி காட்டியதை மேடையில் புகழ்ந்துவிட்டு, உள்ளூரில் அந்நியரிடம் இரட்டை விலை கேட்டால், அப்பயணம் நம்மை எங்கும் கொண்டு செல்லவில்லை.

எம்மாவு வழியில் சீடர் இருவர் ஓர் அந்நியரோடு நடந்தனர். அவர் அப்பால் போகிறவர்போலக் காட்டினார். அவர்கள் அவரைத் தங்கச் சொல்லி வற்புறுத்தினர். அப்பம் பிட்கப்பட்டபோது கண்கள் திறந்தன. வழியெல்லாம் உடன் நடந்தும் அறியாதவரை, ஒரே பந்தியில் அமர்ந்தபோது அறிந்துகொண்டனர். இரவென்றும் பாராமல் எழுந்து எருசலேமுக்குத் திரும்பி, கண்டதைத் தம் சகோதரருக்கு அறிவித்தனர். நடந்த தொலைவு அதிகமில்லை. பார்த்த இடங்களும் பலவில்லை. ஆயினும் அதைவிடப் பயன்மிக்க பயணம் ஒன்றை நாம் அறியோம்.